ஒரே கையின் ஒன்பது வாக்குகள்: விவசாயிகளின் வினா-விடைக் களத்துக்கு வரிசைமுறை எழுதிய பதிவு

கோபிசெட்டிபாளையம், அந்தியூர், பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்களைச் சேர்ந்த மஞ்சள், தென்னை விவசாயிகள் தங்களுக்குள் கேள்வி கேட்டு விடை பெறும் இணையக் களம் ஒன்றில், எந்த விடை மேலே நிற்க வேண்டும், எது கீழே இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பகுதியைத் திருத்தி எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். தோட்டத்துக்காரர் ஒருவர் பழுத்துச் சாயும் மஞ்சள் செடியைப் படம் எடுத்துப் போட்டுக் கேட்கிறார். பத்து விடைகள் வந்தாலும் அவர் முதல் இரண்டைத்தான் படிக்கிறார்; படித்த கையோடு மருந்துக் கடைக்குப் புறப்பட்டுவிடுகிறார். முதலில் நிற்கும் விடைதான் பெரும்பாலும் வயலில் இறங்குகிறது என்பதால், இந்த வரிசையில் நேரும் பிழைக்கு ஒன்பது மாதப் பயிர் விலையாகிவிடக்கூடும்.

திருத்த வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழைக்குப் பின் கிழங்கு அழுகல் பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கியபோது, ஏறத்தாழ எல்லாக் கேள்விகளிலும் ஒரே வளர்ச்சி ஊக்கியைப் பரிந்துரைக்கும் விடைகள், எழுதப்பட்ட கால் மணி நேரத்துக்குள் ஒன்பது பத்து வாக்குகளைப் பெற்று உச்சிக்கு வந்தன. வயலில் நீர் தேங்காமல் வடிகால் வெட்டுவது, நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, அடுத்த நடவில் விதைக் கிழங்கை டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையில் நேர்த்தி செய்வது என்று பொறுமையாக எழுதியிருந்த அனுபவசாலிகளின் விடைகள் அவற்றின் கீழே புதைந்துபோயின. அப்போது களத்தில் இருந்த முறை மிக எளியது: ஆதரவு வாக்கிலிருந்து எதிர்ப்பு வாக்கைக் கழித்து வரும் எண்ணே விடையின் இடம். அந்த முறை இருக்கும் வரை, பத்து கைப்பேசிகளை வைத்திருப்பவரே அந்த வட்டாரத்தின் வேளாண் ஆலோசகர்.

கேள்விகளின் வரிசை

இது எளிதாக முடிந்த பகுதி. கேள்விகளுக்கு எதிர்ப்பு வாக்கு தேவையில்லை என்று முடிவு செய்து, 'எனக்கும் இதே சிக்கல்' என்ற ஒற்றைப் பொத்தானை வைத்தோம். புதிய கேள்வியும் மேலே வர வேண்டும், பலருக்கும் உள்ள சிக்கலும் மேலே நிற்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் இணைக்க, ஏற்கெனவே பெயர் பெற்ற இரண்டு வாய்பாடுகளை எடுத்துப் பார்த்தேன்.

2007-ல் தொடங்கப்பட்ட, தொழில்நுட்பச் செய்திகளைப் பகிரும் ஹேக்கர் நியூஸ் தளத்தில், பெற்ற வாக்குகளில் ஒன்றைக் கழித்து, பதிவின் வயதை மணியில் எடுத்து, அதோடு இரண்டைக் கூட்டி, அந்தத் தொகையை 1.8 அடுக்குக்கு உயர்த்தி வகுக்கும் முறை பரவலாக அறியப்பட்டது. அதன்படி இரண்டு மணி நேரத்துக்கு முன் வந்து 11 வாக்கு பெற்ற பதிவின் மதிப்பு ஏறத்தாழ 0.82, 22 மணி நேரத்துக்கு முன் வந்து 41 வாக்கு பெற்ற பதிவின் மதிப்பு 0.13. செய்திகளுக்கு இந்த வேகம் பொருந்தும். ஆனால் மஞ்சள் பயிரில் நேற்றைய கேள்வி இன்றும் புதிதுதான். மேலும் இந்த முறையில் வயது கூடக்கூட ஒவ்வொரு பதிவின் மதிப்பும் மாறிக்கொண்டே இருப்பதால், அடிக்கடி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். மாத வாடகைக்கு எடுத்த சிறிய சேவையகத்தில் அது வீண் சுமை.

வாசகர்களின் வாக்குகளால் பதிவுகளை வரிசைப்படுத்தும் ரெடிட் தளம் 2008-ல் தன் மூல நிரலை வெளியிட்டபோது தெரிய வந்த முறை வேறு வகையானது. நிகர வாக்கின் பத்தடி மடக்கையை (10 வாக்குக்கு 1, 100 வாக்குக்கு 2 என்று வரும் எண்ணை) எடுத்து, பதிவு எழுதப்பட்ட நேரத்தை ஒரு நிலையான தொடக்கப் புள்ளியிலிருந்து வினாடிகளில் அளந்து, அதை 45,000-ஆல் வகுத்து இரண்டையும் கூட்டினார்கள். 45,000 வினாடி என்பது பன்னிரண்டரை மணி நேரம். அதாவது, பன்னிரண்டரை மணி நேரம் பழையதாகிவிட்ட பதிவு புதிய பதிவுக்கு ஈடாக நிற்க அதைப்போல் பத்து மடங்கு வாக்கு வாங்க வேண்டும். இதில் பழைய பதிவின் மதிப்பு குறைவதில்லை. புதியவை தாமாகவே உயர்ந்த எண்ணோடு வருகின்றன. வாக்கு விழும்போது மட்டும் அந்த ஒரு பதிவின் எண்ணை மாற்றினால் போதும், அதையே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேகமாகத் தேட உதவும் அட்டவணைக் குறியீடாக வைத்து நேரடியாக வரிசைப்படுத்திவிடலாம். நான் 45,000-ஐ எடுத்துவிட்டு ஒரு வாரத்தின் வினாடிகளான 6,04,800-ஐ வைத்தேன். ஒரு வாரம் பழைய கேள்வி, பத்து மடங்கு பேருக்கு உள்ள சிக்கலாக இருந்தால் புதிய கேள்விக்கு இணையாக நிற்கும். தோட்டத்தின் வேகத்துக்கு இது சரியாக இருக்கிறது.

விடைகளின் வரிசை

விடைகளுக்குப் புதுமை முக்கியம் அல்ல, நம்பகம்தான் முக்கியம். ஒரே ஒரு ஆதரவு வாக்கு பெற்ற விடைக்கும் நூறு சதவீதம்தான் ஆதரவு, ஐம்பதில் நாற்பத்தைந்து பேர் ஆதரித்த விடைக்கு 90 சதவீதம்தான் ஆதரவு என்று சராசரி சொல்லும். அதை நம்பி வரிசைப்படுத்தினால் யாரும் சோதித்துப் பார்க்காத விடையே முந்தும். இதற்கான தீர்வு பழையது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வின் வில்சன் 1927-ல் வெளியிட்ட நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். ரெடிட் 2009 முதல் கருத்துகளை வரிசைப்படுத்த இதைத்தான் பயன்படுத்தத் தொடங்கியது. இதுவரை விழுந்த வாக்குகளை வைத்துப் பார்த்தால், எல்லோரும் வாக்களித்த பிறகு இந்த விடைக்கான ஆதரவு குறைந்தபட்சம் எவ்வளவாக இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்பதே அந்த எண் கேட்கும் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் நிதானம் தெரியும். ஒரு வாக்கு, அதுவும் ஆதரவு என்றால் கீழ் எல்லை 0.21. ஐந்தும் ஆதரவு என்றால் 0.57. ஐம்பதில் நாற்பத்தைந்து ஆதரவு என்றால் 0.79. சிலர் மட்டும் கைதட்டிய விடை, பலர் பார்த்து ஒப்புக்கொண்ட விடையை எளிதில் முந்த முடியாது.

இதோடு இன்னொன்றையும் செய்தேன். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய மூவரும் 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், செய்தித் தளம் ஒன்றின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்குத் தாங்களாகவே முதல் ஆதரவு வாக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அப்படிப் போட்டவற்றுக்கு அடுத்து வந்த முதல் வாசகர் ஆதரவு அளிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் உயர்ந்தது. இறுதி மதிப்பும் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாக முடிந்தது. ஒரே ஒரு போலி வாக்கு, அதற்குப் பின்னால் வரும் உண்மையான வாக்குகளையும் வளைத்துவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். போலி வாக்கைப் பிறகு கண்டுபிடித்து நீக்கினாலும் அது இழுத்து வந்த நல்ல வாக்குகள் அப்படியே நிற்கும். ஆகையால் முதல் இரண்டு நாட்களுக்கு எந்த விடைக்கும் வாக்கு எண்ணிக்கையைக் காட்டுவதில்லை என்று வைத்தேன். ஐந்து வாக்குக்குக் கீழ் உள்ள விடைகள் ஒவ்வொரு வாசகருக்கும் வேறு வேறு வரிசையில் காட்டப்படுகின்றன. முதலில் எழுதியவர் முதலில் நிற்கும் அனுகூலம் இதனால் குறைந்துவிடுகிறது.

ஒரே கை என்று எப்படி அறிவது

வேலையின் கனமான பகுதி இதுதான். வாய்பாடு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அதற்குள் போகும் வாக்குகள் தனித்தனி மனிதர்களுடையவை என்ற எண்ணத்தின் மீதுதான் அது நிற்கிறது. ஜான் டூசர் என்ற கணினி ஆய்வாளர் 2002-ல், எல்லோரும் ஏற்கும் ஒரு மைய அதிகாரம் அடையாளத்தைச் சரிபார்க்காத எந்த வலையமைப்பிலும், ஒருவரே பல முகங்களோடு நுழைவதை முற்றாகத் தடுக்க இயலாது என்று காட்டினார். நமக்குக் கிடைக்கக்கூடிய மைய அதிகாரம் கைப்பேசி எண் ஒன்றுதான். இந்தியாவில் சிம் அட்டை வாங்க அடையாளச் சான்று வேண்டும்; பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே ஓடிபி மூலம் எண்ணைச் சரிபார்த்துக் கணக்குத் தொடங்கும் முறை போலிகளைத் தடுத்துவிடாது, ஆனால் அவற்றுக்கு ஒரு விலையை வைத்துவிடும்.

பலரும் அடுத்ததாக நினைப்பது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண். ஒரே முகவரியிலிருந்து ஒன்பது வாக்கு வந்தால் அது ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமே என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். நம் ஊரில் அது பெரும் அநீதியில் முடியும். கைப்பேசி நிறுவனங்கள் பழைய வகை ஐபி முகவரிகள் போதாமையால் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அந்தியூரில் இருப்பவரும் சத்தியமங்கலத்தில் இருப்பவரும், ஒருவரையொருவர் அறியாமலேயே, எங்கள் சேவையகத்துக்கு ஒரே முகவரியாகத் தெரியலாம். போலி வாக்காளரோ விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாலே பல வேளைகளில் புது முகவரி பெற்றுவிடுகிறார். குற்றவாளி தப்பி, அப்பாவி மாட்டிக்கொள்ளும் அளவுகோல் அது. ஐபி முகவரியை வாக்கின் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதைவிடக் கடினமான உண்மை ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் மருமகளும் ஒரே கைப்பேசியைப் பார்க்கிறார்கள். ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் பங்காளிகள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்; குழுவில் ஒருவர் இணைப்பைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதினைந்து பேர் ஆதரவு அளிக்கிறார்கள். சேர்ந்து செயல்படுவது இந்த மண்ணில் குற்றம் அல்ல, பழக்கம். கணினியின் பார்வையில் அந்தப் பழக்கமும், காசு கொடுத்து ஏற்பாடு செய்த வாக்குகளும் ஒன்றுபோலவே தெரியும். ஆகையால் 'யார் ஏமாற்றுக்காரர்' என்ற கேள்வியையே நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, 'இந்த வாக்குகள் எத்தனை தனித்த கருத்துகளுக்குச் சமம்' என்று கேட்கும்படி அமைத்தேன். ஒருவர் சொல்லி ஒன்பது பேர் அளித்த வாக்கு, அது அன்பினால் வந்தாலும் பணத்தினால் வந்தாலும், ஒன்பது தனித்த சோதனைகளுக்குச் சமம் ஆகாது.

செயல்முறை இதுதான். வாக்குகள் அனைத்தும் ஒரு பேரேட்டில் பதிவாகின்றன. அந்தப் பேரேட்டிலிருந்து எந்த வரியும் அழிக்கப்படுவதில்லை. ஒரு கணக்குக்கு ஒரு விடையில் ஒரு வாக்கு என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்திலேயே இருக்கிறது. பொத்தானை வேகமாக இருமுறை அழுத்தினாலும் இரண்டு வாக்கு விழாது. வாக்கை மாற்றிக்கொண்டால் பழைய வரிக்குக் கீழே புது வரி சேரும். ஒவ்வொரு வாக்குக்கும் எடை என்று ஒரு தனிப் பத்தி உண்டு. அது மட்டுமே மாறக்கூடியது. இரவு இரண்டு மணிக்கு ஒரு நிரல் எழுந்து, கடந்த தொண்ணூறு நாட்களின் வாக்குகளை எடுத்து, ஒவ்வோர் இரண்டு கணக்குகளுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பார்க்கிறது. இருவரும் ஒரே திசையில் வாக்களித்த விடைகளின் எண்ணிக்கையை, இருவரில் எவரேனும் வாக்களித்த மொத்த விடைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஒற்றுமை விகிதம். பொதுவான விடைகள் ஐந்துக்குக் குறையாமல் இருந்து, விகிதம் 0.6-க்கு மேல் இருந்தால் அந்த இருவரும் தொடர்புடையவர்கள். ஒருவர் அழைப்பின் மூலம் மற்றவர் சேர்ந்திருந்தால் அந்த எல்லை 0.5-ஆக இறங்கும். யார் யாரை அழைத்து வந்தார்கள் என்பதை வைத்துக்கொள்ளும் யோசனையை 2012-ல் தொடங்கிய, கணினித் துறை இணைப்புகளைப் பகிரும் லாப்ஸ்டர்ஸ் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே அழைப்பின் மூலம் மட்டுமே சேர முடியும், அந்த அழைப்பு மரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

தொடர்புடைய இணைகளைக் கோத்துக் குழுவாக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. முதலாமவர் இரண்டாமவரோடும், இரண்டாமவர் மூன்றாமவரோடும் ஒத்துப்போனால், சங்கிலி நீண்டு பாதி மாவட்டமே ஒரே குழுவாகிவிடும். அதனால் ஒருவர் குழுவில் சேர, ஏற்கெனவே அதில் இருப்பவர்களில் பாதிப் பேரோடாவது நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தேன். குழு உருவான பிறகு, ஒரு விடைக்கு அந்தக் குழுவிலிருந்து ஒரே திசையில் விழுந்த வாக்குகள் எத்தனையோ, அதன் வர்க்கமூலமே அவற்றின் மொத்த எடை. நான்கு வாக்கு இரண்டாகும், ஒன்பது வாக்கு மூன்றாகும். எதிர்ப்பு வாக்குகளுக்கும் இதே கணக்குதான். ஒரு நாற்றுப் பண்ணைக்காரரின் விடையை, போட்டியாளர் ஆள் திரட்டிக் கீழே தள்ளுவதும் இதனால் தடுக்கப்படுகிறது.

கிழங்கு அழுகல் கேள்வி ஒன்றின் பழைய தரவை வைத்து இதை ஓட்டிப் பார்த்தேன். வளர்ச்சி ஊக்கி விடைக்குப் பன்னிரண்டு வாக்கு, பன்னிரண்டும் ஆதரவு; வில்சன் கீழ் எல்லை 0.76. வடிகால் விடைக்குப் பதினாறு வாக்கு, பதினான்கு ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. கீழ் எல்லை 0.64. வில்சன் முறையை மட்டும் வைத்திருந்தால் ஊக்கிதான் மேலே நின்றிருக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்பது வாக்குகள் ஒரே குழுவைச் சேர்ந்தவை. ஒன்பது மூன்றாகி, தனித்த மூன்றோடு சேர்ந்து ஆறாகி, கீழ் எல்லை 0.61-க்கு இறங்கியது. வடிகால் விடையின் வாக்குகளில் குழு எதுவும் இல்லை, அது 0.64-இலேயே நின்று முதலிடத்துக்கு வந்தது. யாரையும் வெளியேற்றாமல், எந்த வாக்கையும் அழிக்காமல், யார் மீதும் பழி சொல்லாமல் அது நடந்தது என்பதில் எனக்கு உண்மையான நிறைவு.

இந்த முறையை உடைக்க எவ்வளவு செலவாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். ஒரே குழுவிலிருந்து பத்து வாக்கு எடையைப் பெற நூறு கணக்குகள் தேவை. ஒருவர் பெயரில் ஒன்பது சிம் என்றால் குறைந்தது பன்னிரண்டு பேரின் அடையாளச் சான்று வேண்டும். இதற்கு மேல், புதுக் கணக்கின் வாக்குக்கு முதல் ஏழு நாட்கள் எடை பூஜ்யம். நிரலாளர்களின் வினா-விடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஆதரவு வாக்களிக்க 15 நற்பெயர்ப் புள்ளியும் எதிர்ப்பு வாக்களிக்க 125 புள்ளியும் தேவை. விடைக்கு எதிர்ப்பு வாக்களித்தால் தன் புள்ளியில் ஒன்றையும் இழக்க வேண்டும். அந்த ஏற்பாட்டின் நோக்கம் எனக்குப் பிடித்திருந்தாலும், எழுதத் தயங்கும் விவசாயியின் வாக்கை அது பறித்துவிடும் என்பதால் புள்ளி முறையை எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பு வாக்களிப்பவர் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே விதி: அளவு தவறு, பயிருக்குப் பொருந்தாது, விளம்பரம், ஆபத்தானது.

பெருந்துறைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் சிலரிடம் களத்தின் நகல் ஒன்றைக் கொடுத்து, எப்படியாவது ஒரு பொய் விடையை மேலே கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரே நேரத்தில் வாக்குகளைக் கொட்டிய முயற்சிகள் அடுத்தடுத்த இரவுகளில் எடை இழந்தன. பின்னர் அவர்கள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, வேறு வேறு விடைகளுக்கும் தாறுமாறாக வாக்களித்து, ஒற்றுமை விகிதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அப்போது ஓரளவு வெற்றி கிடைத்தது. ஆனால் தாறுமாறாக வாக்களிப்பவரின் தீர்ப்பு, மற்றவர்களின் தீர்ப்போடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. அதைக் கொண்டு இரண்டாவது திருத்தம் ஒன்றைச் சேர்த்தேன்: வழக்கமாக மாறுபட்டு வாக்களிக்கும் இருவர் ஒரே விடையை ஆதரித்தால் அதற்குச் சிறிது கூடுதல் எடை. எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்தபோது 2021-ல் பேர்ட்வாட்ச் என்ற பெயரில் தொடங்கிய, பதிவுகளுக்குப் பயனர்களே விளக்கக் குறிப்பு எழுதும் சமூகக் குறிப்புகள் திட்டம் இந்த எண்ணத்தின் மீதே கட்டப்பட்டது. முன்பு முரண்பட்டவர்கள் பலரும் பயனுள்ளது என்று சொன்னால்தான் குறிப்பு எல்லோருக்கும் காட்டப்படும். அங்கே அரசியல் பிளவைத் தாண்ட வைத்த கணக்கு, இங்கே இயற்கை விவசாயம் செய்பவரும் இரசாயன மருந்து பயன்படுத்துபவரும் ஒரே விடையை ஏற்கும் தருணத்தைக் கண்டுபிடிக்க உதவுகிறது. அப்படிப்பட்ட விடைகள் பெரும்பாலும் வடிகால், நீர்ப் பாய்ச்சல், நடவு இடைவெளி போன்ற அடிப்படைகளைச் சொல்பவையாகவே இருக்கின்றன.

ஆனைமலையிலிருந்து வந்த கேள்வி

எடை முறை நடைமுறைக்கு வந்த பிறகு, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மூத்த விவசாயி ஒருவர் அழைத்தார். தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ பற்றி அவர் எழுதிய விடை, இரசாயனத் தெளிப்பைத் தவிர்த்து, அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பாற்றுவது, மஞ்சள் நிற ஒட்டுப்பொறி கட்டுவது, ஓலையின் அடிப்புறத்தில் படும்படி விசையோடு தண்ணீர் அடிப்பது என்று நல்ல செய்திகளைச் சொல்வது. அவருடைய உழவர் குழுவினர் அனைவரும் அதற்கு ஆதரவு அளித்திருந்தார்கள். விடை இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தது.

"ஏனுங் தம்பி, எங்க ஊர்க்காரங்க ஓட்டெல்லாம் செல்லாதுங்களா?" என்று கேட்டார்.

"செல்லுமுங்க ஐயா. ஒரே ஊர்ல இருந்து பதினாறு பேரு போட்டா நாலா எடுத்துக்கும். பேராவூரணிப் பக்கமிருந்தோ உடுமலையிலிருந்தோ ஒருத்தர் போட்டா அது முழுசா ஒண்ணுங்க" என்று விளக்கினேன்.

"அப்ப வெளியூர்க்காரங்க வந்து பார்த்து சொல்லோணும்ங்கிறீங்க. அது நாயந்தானுங்க," என்றார். பிறகு அவரே கேட்டது என் வேலையின் போக்கை மாற்றியது: "ஆனா படிச்சவுடனே போடுற ஓட்டுக்கும், செஞ்சு பார்த்துட்டுப் போடுற ஓட்டுக்கும் வித்தியாசம் வேண்டாங்களா?"

வேண்டும். படித்தவுடன் அளிக்கும் வாக்கு, விடை நம்பும்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்த உரையாடலுக்குப் பிறகு 'செய்து பார்த்தேன்' என்ற இரண்டாவது வாக்கைச் சேர்த்தேன். ஒரு விடையைத் திறந்து படித்து, 'இதைச் செய்யப் போகிறேன்' என்று குறித்துக்கொண்டவருக்குப் பதினைந்து நாட்கள் கழித்து ஒரு குறுஞ்செய்தி போகும். பலன் இருந்தது, இல்லை, இன்னும் தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கலாம், விரும்பினால் படம் சேர்க்கலாம். இந்த வாக்குக்குச் சாதாரண வாக்கைவிட மூன்று மடங்கு எடை. குழு வாக்குகளின் எடையைக் குறைக்கும் வர்க்கமூலக் கணக்கு இதற்குக் கிடையாது, ஏனெனில் ஒரே ஊரில் பத்து தோப்புகளில் செய்து பார்த்தது உண்மையிலேயே பத்து சோதனைகள். போலி வாக்காளருக்கு இது மிகவும் சங்கடமான பாதை. முன்கூட்டியே குறித்துவைத்து, பதினைந்து நாள் காத்திருந்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் தனித்தனியே பதில் அளிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பொருளை விற்பவருக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை என்பது இதுவரை கண்டது. ஒரே பொருளுக்கு மட்டும் 'பலன் இருந்தது' என்று திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்குகளை இரவு நிரல் தனியே எடுத்து வைக்கிறது. அவற்றை நெறியாளர்கள் பார்க்கிறார்கள்.

நெறியாளர்கள்

எண்களால் தீராதவை மனிதர்களிடம்தான் வரும். 1997-ல் தொடங்கிய தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட், நிலையான நெறியாளர்களை வைக்காமல், வாசகர்களில் சிலரை அவ்வப்போது தேர்ந்தெடுத்து ஐந்து மதிப்பீட்டுப் புள்ளிகளைக் கொடுத்தது. மூன்று நாட்களில் பயன்படுத்தாவிட்டால் அவை காலாவதியாகும், தான் எழுதிய விவாதத்தில் அவற்றைப் பயன்படுத்தவும் முடியாது. 1999-ல் அந்த மதிப்பீடுகளையே மற்றவர்கள் மதிப்பிடும் மேல்நிலைச் சோதனையும் வந்தது. ஊரில் செல்வாக்கு உள்ள ஒருவரையே நிரந்தர நெறியாளராக்கிவிட்டால் அவருடைய உறவினரின் கடைக்கு எதிராக எவரும் எழுதத் துணியமாட்டார்கள் என்பதால், அந்தச் சுழற்சி முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன். மாதம் ஒரு முறை, வேறு வேறு குழுக்களைச் சேர்ந்த ஐந்து பேரை நிரல் குலுக்கலில் எடுக்கிறது. தாம் விடை எழுதிய கேள்வியில் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மூன்று பேர் ஒப்புக்கொண்டால்தான் ஒரு விடை மறைக்கப்படும். காரணத்தோடு அது எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறும். 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கேட்கும் புகார் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் அதே பக்கத்தில் இருக்கின்றன.

காத்திருக்காமல் உடனே மறைக்கப்படுவது ஒரே ஒரு வகைதான். தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறோம். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி முதலியவற்றின் பெயர் வரும் விடை, நெறியாளர் பார்த்து அனுமதிக்கும் வரை நிறுத்தி வைக்கப்படும். 'இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று எச்சரிக்கும் விடையும் சில நேரம் இதில் சிக்கும். அரை நாள் தாமதத்தை நான் ஏற்கிறேன்.

எழுதியவருக்குத் தெரியாமல் அவருடைய பதிவை மற்றவர்களிடமிருந்து மட்டும் மறைக்கும் நிழல் தடையைச் சில பெரிய தளங்கள் கையாண்டிருக்கின்றன. விளம்பரக்காரரைச் சோர்வடையச் செய்ய அது நல்ல கருவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் தவறுதலாக அதில் சிக்கிய ஒரு விவசாயி, தன் கேள்விக்கு எவருமே விடை சொல்லவில்லை என்று எண்ணி, அழுகும் பயிரைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் கருவியை இந்தக் களத்தில் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்துவதில்லை என்று விதிகளிலேயே எழுதி வைத்தோம். பதிவு மறைக்கப்பட்டால் எழுதியவருக்கு உடனே செய்தி போகும், காரணமும் போகும், மேல்முறையீடு செய்யும் வழியும் போகும்.

இப்போது இரவு நிரல் முடிந்ததும் மூன்று பட்டியல்கள் நெறியாளர்களின் கைப்பேசிக்கு வருகின்றன: எடை மிகுதியாகக் குறைந்த விடைகள், 'பலன் இல்லை' என்று செய்து பார்த்தவர்கள் சொன்ன பிறகும் மேலே நிற்கும் விடைகள், எந்த விடையும் பெறாமல் ஒரு நாள் கடந்த கேள்விகள். மூன்றாவது பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொடர்புக்கான 0.6 என்ற எல்லையைத் தை, மாசியில் அறுவடையும் மஞ்சள் வேகவைப்பும் தொடங்கும்போது, அப்போதைய வாக்குகளை வைத்து மறுபடி சரிபார்ப்பேன். அந்த மாதங்களில் கேள்விகள் நோயிலிருந்து விலைக்கும் ஈரப்பதத்துக்கும் மாறிவிடும், வாக்களிக்கும் பழக்கமும் அதோடு மாறும்.